நடைபாதையில் உடம்புக்குப் புள்ளி போடுகிறவர்கள்

கொழும்பில் பருத்த உடம்போடு நடக்கப் போகிற யாரிடமாவது மனம் விட்டுக் கதைத்துப் பாருங்கள். முழங்கால் நோவும் புழுக்கமும் பேச்சில் பிறகுதான் வரும். முதலில் வருவது, முன்பின் தெரியாத ஒருவர் வழியில் சொல்லிவிட்டுப் போன ஒரு வசனம். எந்த இடத்தில், எந்தக் குரலில், தான் என்ன உடுப்புப் போட்டிருந்தபோது அது சொல்லப்பட்டது என்பதுவரை நினைவிருக்கும். சொன்னவருக்கு அடுத்த சந்தி வருவதற்குள் மறந்திருக்கும். கேட்டவர் சில வேளை அந்த வீதிப் பக்கமே மாதக்கணக்கில் போகமாட்டார்.

நானும் பருத்த உடம்புக்காரிதான். வெள்ளவத்தையில் இருக்கிறேன், மரைன் டிரைவில் நடக்கிறேன். அந்த வசனங்கள் ஏன் வருகின்றன, உடம்பையும் மனதையும் அவை என்ன செய்கின்றன, இந்த நகரத்தின் அமைப்புக்கும் எங்கள் சனத்தின் பழக்கத்துக்கும் அதில் என்ன பங்கு என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழியில் போகிறவருக்குக் கண்ணில் தெரிவது உடம்பின் பருமன். உடற்பயிற்சி முதலில் மாற்றுவதோ கண்ணுக்குத் தெரியாத வேறு பல. ஆகவே நக்கலாக வந்தாலும், அக்கறையாக வந்தாலும், பாராட்டாகவே வந்தாலும், அந்தப் பேச்சு எழுதாத பாடத்துக்குப் போடுகிற புள்ளிதான். அதற்கு விலையாகப் போவது அடுத்த நாள் நடை.

கொழும்பு மத்திய கோட்டுக்கு அண்மையில் இருக்கிற ஊர். வருடம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிந்து, மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். காலை எட்டுக்கு மேல் வெயிலில் நடப்பது மெல்லிய உடம்புக்கே பாடு. பருத்த உடம்பு சூட்டை வெளியே விட இன்னும் அதிகம் உழைக்க வேண்டும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும், நின்றால் சூடு இறங்காது. அதனால் எல்லோருக்கும் கிடைப்பது காலையில் ஒரு துண்டு நேரம், மாலையில் ஒரு துண்டு நேரம். அந்த இரண்டு துண்டிலும் நகரம் முழுக்க ஒரே இடங்களுக்குத்தான் வருகிறது: சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவி பூங்கா, காலி முகத்திடல், பத்தரமுல்லைப் பக்கம் தியத்த உயன, மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரை, எங்களுக்கு மரைன் டிரைவ்.

இந்த இடங்களில் பல இன்றைய வடிவத்துக்கு வந்து அதிக காலமில்லை. போர் முடிந்த மறு வருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகுதான் கல் பதித்த நடைபாதைகளும் வெட்டிய புல்வெளிகளும் மளமளவென்று வந்தன. காலி முகத்திடல் மட்டும் பழையது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின்வருபவர்களிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்து வைத்துவிட்டுப் போனார். பெண்கள் வெளியில் வந்து காற்று வாங்குவதற்கு என்றே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதில்லை. வந்தவர்கள் நிம்மதியாக நடந்துவிட்டுப் போகலாமா என்பது வேறு கேள்வி.

ஏனென்றால் இந்த இடங்களுக்கு எல்லோரும் நடக்க வருவதில்லை. இருக்க வருகிறார்கள், இறால் வடை சாப்பிட வருகிறார்கள், காதலிக்க வருகிறார்கள், கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டுப் பொழுது போக்க வருகிறார்கள். நடக்கிறவர் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும், திரும்பி வரும்போது அதே ஆட்களை இன்னொரு முறை கடக்க வேண்டும். இருக்கிறவருக்குப் பார்ப்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை.

மரைன் டிரைவில் இன்னொன்று உண்டு. வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை. மாலையில் கோட்டையிலிருந்து தெற்கே போகிற அலுவலக ரயில்கள் சனம் பிதுங்கிக்கொண்டு வரும். மிதிபலகையில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிற பெடியன்களின் முகம் வீதியைப் பார்த்தபடி இருக்கும். ரயில் கடக்க எடுக்கும் சில வினாடிக்குள் ஒரு விசில், ஒரு கூச்சல், பூமி அதிருது என்று ஒரு கத்தல், கூட இருப்பவர்களின் சிரிப்பு. அவ்வளவுதான். ரயில் போய்விடும். அந்தப் பெண் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டுவது போல் குனிவாள். நாடா அவிழ்ந்திருக்காது. முகத்தை மறைப்பதற்கு அந்த நேரத்தில் வேறு இடம் கிடைக்காததால் குனிகிறாள். அப்படிக் குனிந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

இந்த வகையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஓடுகிற வாகனத்திலிருந்து சொல்லப்படுவதற்குப் பதில் வராது. ரயில், பஸ், ஓட்டோ, ஹெல்மெட் போட்ட மோட்டார் சைக்கிள் எதுவாக இருந்தாலும், சொன்னவர் முகமில்லாமல் தப்பிவிடலாம். தனியாகப் போகிறவன் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். சிரிப்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்தச் சொல் நடக்கிற பெண்ணை நோக்கிப் போனாலும், சொல்லப்படுவது கூட்டாளிக்காகத்தான்.

அக்கறையாக வருகிற பேச்சுத்தான் சிக்கலானது. அதைப் பற்றித்தான் எங்கள் ஆட்களோடு நிறையக் கதைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் மாலை, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஐயா, வேட்டி சட்டையோடு, கையில் மடித்த குடையோடு எதிரே வந்தார். நின்று சிரித்தார். நானும் நின்றேன், தெரிந்தவராக்கும் என்று. "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இரவில சோறைக் கைவிடுங்கோ. எங்கட மருமகள் இரண்டே மாதத்தில பத்துக் கிலோ குறைஞ்சவ." காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். "இந்த நடை காணாது பிள்ளை, கொஞ்சம் வேகமா நடக்கோணும்." அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் "ஓம் ஐயா" என்று தலையாட்டினேன். அவர் போனார். மிச்சத் தூரம் முழுவதும் நான் என் நடையின் வேகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். கடலைப் பார்க்கவில்லை.

அவருக்கு என்ன உரிமை என்று கோபப்படுவது இலகு. ஆனால் எங்கள் வழக்கத்தில் அவருக்கு அந்த உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் உண்மை. வயதில் மூத்த ஒருவர் பிள்ளை என்று தொடங்கிவிட்டால் அந்நியர் என்ற கோடு அழிந்துபோகிறது, பிறகு அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கலியாண வீட்டு வாசலில், கோயில் வீதியில், சாமத்தியச் சடங்கில் எங்கள் ஆட்கள் வாய் திறந்தால் முதல் பேச்சு உடம்புதான். "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டுது", "என்ன இப்பிடி மெலிஞ்சு போனாய்". இரண்டும் நலம் விசாரிப்புத்தான். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்களும் அதே வாக்கியத்தோடுதான் வந்து இறங்குகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை மதிக்கத்தான் வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வடக்கில் வாழ்ந்த சனத்துக்கு, ஒருவர் மெலிந்து வருவது பயப்பட வேண்டிய சேதி. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பல வருடம் கழித்துக் கொழும்பில் வந்து இறங்கிய உறவினரை முதலில் கண்ணால் நிறுத்துப் பார்த்தது அந்தப் பயம். உடம்பு தேறினால் ஆள் தப்பிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தலைமுறை உடம்பைப் பார்த்துக் கதைப்பதை அன்பாகவே கற்றுக்கொண்டது. இப்போது பயம் திசை மாறிவிட்டது. அன்று சாப்பாடு இல்லை என்ற பயம், இன்று சீனி வருத்தம் வந்துவிடும் என்ற பயம். பயம் மாறியும் பழக்கம் மாறவில்லை.

இன்றைய பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2018/2019 காலப்பகுதியில் நடத்தப்பட்ட இலங்கைச் சுகாதார முதுமை ஆய்வின்படி, நாட்டில் வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு. ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் காலில் புண் ஆறாமல் விரல் எடுக்கப்பட்ட ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருக்கிறார்கள். பருமனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடர்பு இருக்கிறது, முழங்காலுக்கும் இருதயத்துக்கும்கூட இருக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பைத் தெருவில் நின்று கண்ணால் அளக்க முடியாது. தென்னாசியர்களுக்கு, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே, வயிற்றுக்குள் சேர்கிற கொழுப்பால் நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களைப் பொறுத்தவரை நிறையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் திணிவுச் சுட்டி 25ஐத் தொடும்வரை காத்திருக்காமல் 23இலேயே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்றது. வாங்கில் இருந்து எனக்கு அறிவுரை சொல்கிற மெலிந்த மனிதரின் இரத்தத்தில் என்னுடையதைவிடக் கூடுதலான சீனி ஓடக்கூடும். அவரிடம் போய் யாரும் பரிசோதித்தீர்களா என்று கேட்பதில்லை.

இனி, நடக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தசை சுருங்கும்போது, இரத்தத்திலிருக்கும் குளுக்கோசை இன்சுலினின் உதவி இல்லாமலே தனக்குள் இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், இன்சுலினுக்குத் தசை நன்றாக இணங்கி நடக்கும். இது முதல் நாள் நடையிலேயே கிடைக்கிற பலன். இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. சில வாரம் தொடர்ந்தால் இருதயம் ஒரு துடிப்பில் அனுப்புகிற இரத்தம் கூடுகிறது, மாடிப்படி ஏறும்போது இளைப்புக் குறைகிறது, நித்திரை நன்றாக வருகிறது. இவ்வளவும் தராசு முள் அசையாமலே நடக்கும். நடையால் மட்டும் குறைகிற நிறை பெரும்பாலானோருக்குச் சொற்பம். சாப்பாட்டு முறை, மருந்து, நித்திரை, பரம்பரை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் அது.

2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்திறன் குறைந்தவர்கள், ஒல்லியாக இருந்தாலும் பருத்திருந்தாலும், உடற்திறன் உள்ள சராசரி நிறைக்காரரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறப்பு அபாயத்தில் இருந்தார்கள். உடற்திறன் உள்ள பருத்தவர்களின் அபாயமோ, உடற்திறன் உள்ள மெலிந்தவர்களின் அபாயத்துக்கு அருகில் இருந்தது. அதாவது, "இவ்வளவு நடந்தும் மெலியேல்லையே" என்று கேட்கப்படுகிற பெண், அந்த நடையால் கிடைக்க வேண்டிய பலனில் பெரும் பகுதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கலாம். கேட்பவருக்கு அது தெரிய வழியில்லை.

"வேகம் காணாது" என்பதும் இதே மாதிரித்தான். நடப்பதற்குச் செலவாகும் சக்தி தூக்கிச் செல்லும் நிறையோடு கூடுகிறது. 60 கிலோ ஆளைவிட 100 கிலோ ஆள் அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாகச் செலவழிக்கிறார். பார்ப்பவருக்கு மெதுவாகத் தெரிகிற நடை, நடப்பவரின் இருதயத்துக்கு நல்ல வேகமான நடையாக இருக்கலாம். வைத்தியர்கள் சொல்கிற இலகுவான அளவுகோல் ஒன்று உண்டு: நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அப்படியென்றால் உடம்பு போதுமான அளவு உழைக்கிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கக்கூடியவர் நடக்கிறவர் மட்டும்தான்.

சரி, சொல்லட்டுமே, சொன்னால்தானே உறைக்கும், உறைத்தால்தானே குறையும் என்பார்கள். எங்கள் வீடுகளில் படிப்புக்கும் இதே நியாயம்தான் சொல்லப்படும். உடம்பு விஷயத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கிற ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஸாரா ஜாக்சனும் சக ஆய்வாளர்களும் அதிலிருந்து 2,944 பேரின் தரவை எடுத்து 2014இல் வெளியிட்டார்கள். தங்கள் நிறை காரணமாகத் தாழ்வாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் நான்கு வருடத்தில் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள். அப்படி நடத்தப்படாதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து 2013இல் வந்த ஆய்வில், ஆரம்பத்தில் மிகைப்பருமன் இல்லாதவர்களிலேயே, நிறைக்காகத் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள் பிறகு மிகைப்பருமன் அடையும் சாத்தியம் இரண்டரை மடங்காக இருந்தது. 2017இல் ஜாக்சனும் ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் உடற்பயிற்சியையே நேராகப் பார்த்தார்கள். தாழ்வாக நடத்தப்பட்டவர்கள் அசையாமல் இருந்துவிடும் சாத்தியம் ஏறக்குறைய 60 வீதம் கூடுதல்.

இவை அவதானிப்பு ஆய்வுகள். எது எதற்குக் காரணம் என்பதை இவை மட்டும் முழுதாக நிரூபிக்காது. ஆனால் உறைத்தால் குறையும் என்ற நியாயம் உண்மையாக இருந்திருந்தால் எண்கள் மறுபக்கம் போயிருக்க வேண்டும். ஒன்றிலும் போகவில்லை. காரணமும் விளங்காததில்லை. மற்றவர் முன்னால் மட்டம் தட்டப்படும்போது உடம்பில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் ஏறுகிறது. 2004இல் 208 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பிறர் தன்னை மதிப்பிடுகிறார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் அது மிக அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். ரயிலிலிருந்து வருகிற கூச்சலில் இரண்டும் உண்டு. அதைவிட எளிய காரணம், வலித்த இடத்துக்கு மறுபடி போக யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் நடைக்குப் பலன் திரும்பத் திரும்பப் போவதில்தான் இருக்கிறது. எந்த வேகம், எத்தனை கலோரி என்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த வசனங்கள் யார் காதில் விழுகின்றன? வீட்டில் இருக்கிறவர் காதில் விழுவதில்லை. எழும்பி, உடுத்தி, சப்பாத்துப் போட்டு, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டவர் காதில்தான் விழுகின்றன. எந்த வேலையைச் செய் என்று சொல்கிறார்களோ, அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஆளைப் பிடித்துத்தான் சொல்கிறார்கள்.

பாராட்டும் இதில் சேரும் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "நல்லது தங்கச்சி, விடாமல் செய்யுங்கோ" என்பதில் என்ன பிழை? சொல்பவரின் மனதில் பிழையில்லை. ஆனால் பக்கத்தில் நடக்கிற மெலிந்த பெண்ணிடம் அதை யாரும் சொல்வதில்லை. அவள் சும்மா நடக்கிறாள், நான் மட்டும் திருத்தப்பட்டுக்கொண்டு நடக்கிறேன் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. எனக்கு நடை பிடிக்கும். மாலைக் காற்றுப் பிடிக்கும். வேலை முடிந்து தலை கனத்திருக்கும்போது அது இறங்குகிற விதம் பிடிக்கும். பாராட்டுகிறவர் இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு நிறையை மட்டும் என் கையில் தந்துவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் அவரைக் காணும்போது நான் அதே அளவில் இருந்தால்? பலர் நடையை விடுவது அந்தப் பயத்தில்தான்.

பெண்களுக்கு இது தனியாக வருவதில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்களும் சிறுமிகளும் 90 வீதம் என்றது. பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம். நடைபாதைக்கு வருகிற பெண் இந்த அனுபவத்தோடுதான் வருகிறாள். உடம்பைப் பற்றிய நக்கல் எந்த வசனத்தில் தொந்தரவாக மாறும் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் முதல் சொல்லிலேயே தோள் இறுகிவிடும். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, சொல்லால் செய்யப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது, ஐந்து வருடம்வரை சிறை விதிக்கலாம். உடம்பின் அளவைப் பற்றிய வெறும் நக்கலை அது தொடாது. ஆண்களுக்கும் கேலி இல்லாமலில்லை, தொப்பையைத் தட்டிப் பார்க்கிற கூட்டாளிகள் எல்லா மைதானத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்து வருவது.

தமிழ் ஆட்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதை வெளியே கதைப்பது குறைவு. சிங்களத்தில் ஒருவர் ஏதாவது சொன்னால் எங்களில் பலருக்கு விளங்கும். திருப்பிச் சொல்ல வாய் திறந்தால் உச்சரிப்பில் ஆள் யார் என்று தெரிந்துவிடும். சோதனைச் சாவடிகளின் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் காலி வீதியைக் கடக்கப் பயந்த ஊர் இது. விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை 2007 ஜூனில் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும், நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இதே ஊரில்தான். கண்ணில் படாமல் போய் வருவது அந்தக் காலத்தில் உயிர்ப் பாதுகாப்பு. இன்று அந்த அச்சம் வீதியில் இல்லை, என்றாலும் நாற்பது தாண்டியவர்களின் உடம்பில் அது மிச்சமிருக்கிறது. யாரோ உரத்த குரலில் என்னைச் சுட்டிக் கத்தும்போது, என் நிறையைப் பற்றிய வெட்கம் மட்டும் எழும்புவதில்லை. பதில் பேசாதே, நட, என்று பழைய குரல் ஒன்றும் சேர்ந்து எழும்புகிறது. தமிழ்ப் பெடியன்கள் தமிழில் கத்தும்போது வருவது வேறு வலி. அது வீட்டுக்குள்ளிருந்து வந்த மாதிரி.

இப்படியெல்லாம் நடந்தால் மனிதர் என்ன செய்வார்? ஒளிப்பார். எனக்குத் தெரிந்த ஒருவர் விடிய நாலரைக்குத் தன் தொடர்மாடியின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி நடக்கிறார். மழை பெய்தால் படியில் ஏறி இறங்குகிறார், யாராவது லிஃப்டால் இறங்கி வரும் சத்தம் கேட்டால் திறப்பைத் தேடுவது போல் நிற்பார். இன்னொருவர் வீட்டுக்குள் யூடியூப் பார்த்துக் குதிக்கத் தொடங்க, கீழ் வீட்டிலிருந்து முறைப்பாடு வந்தது. பெண்களுக்கான ஜிம்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கின்றன. 2022 நெருக்கடிக்குப் பிறகு வீட்டுச் செலவைப் பிடித்துப் பிடித்துச் செய்கிற குடும்பத்தில், மாதக் கட்டணம் கட்டி அம்மா ஜிம்முக்குப் போவது கடைசியில் வருகிற செலவு. வீதி மட்டும்தான் இலவசம். அதை மூடிவிட்டால் பலருக்கு வேறு கதவு இல்லை.

உடுப்பும் இதில் சேர்கிறது. உலகத்தின் பெரிய விளையாட்டு உடைக் கம்பனிகளுக்குத் தைத்து அனுப்புகிற நாடு இது. என் அளவில் ஒழுங்கான விளையாட்டு உள்ளாடை ஒன்றைக் கொழும்புக் கடைகளில் தேடி அலுத்துப்போனேன். நெஞ்சுக்குப் பிடிமானமும், தொடை உரசாத நீளக் காற்சட்டையும் இல்லாமல் நடந்தால் தோல் கன்றிப் புண்ணாகும். கிடைக்காததால் பலர் தொளதொளத்த சுடிதாரில், சால்வையை இறுகக் கட்டிக்கொண்டு, புழுங்கிப்போய் நடக்கிறார்கள். அதைப் பார்த்து "இந்த உடுப்போட என்னத்தை நடக்கிறது" என்றும் ஒரு கருத்து வரும்.

கூட்டாக நடப்பது உதவுகிறது, இதை நான் கண்ணால் பார்க்கிறேன். மூன்று பெண்கள் சேர்ந்து கதைத்துக்கொண்டு போகும்போது ஐயாமாரும் நிறுத்துவதில்லை, மோட்டார் சைக்கிள்காரரும் துணிவதில்லை. பக்கத்தில் நடக்கிறவர்களாலும் முடிந்தது இருக்கிறது. யாராவது கத்திவிட்டுப் போனால் போனவனைத் திட்டிக்கொண்டு நிற்பதைவிட, கத்தப்பட்டவரோடு இரண்டு நிமிடம் சேர்ந்து நடக்கலாம், மழை வருமா என்று கதைக்கலாம். ஒரு முறை முன்பின் தெரியாத முஸ்லிம் பெண் ஒருவர் எனக்கு அப்படிச் செய்தார். அவர் என் உடம்பைப் பற்றியோ நடந்ததைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை, மகளின் டியூசன் வகுப்பு முடியும் நேரத்தைப் பற்றித்தான் கதைத்தார். நான் அன்றைய நடையை முடித்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். மாநகர சபை செய்யக்கூடியதும் உண்டு. மரைன் டிரைவில் ஒழுங்கான வெளிச்சம் இருந்தால் ஏழு மணிக்குப் பிறகும் நடக்கலாம், எல்லோரும் ஒரே ஒரு மணி நேரத்துக்குள் நெருக்கிக்கொள்ளத் தேவையில்லை.

கூடுதலாக நான் எதிர்பார்ப்பது சுகாதாரத் துறையிடம். ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் என்று 2011இலிருந்து அரச மருத்துவமனைகளில் தொடங்கி, நிறை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல வேலை. அங்கே கடைசியில் எல்லோருக்கும் சொல்லப்படுவது, தினமும் அரை மணி நேரம் நடவுங்கள் என்பது. அடுத்த முறை போகும்போது நடக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று ஒருவர் தலை குனிந்தால் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. எங்கே நடந்தீர்கள், எத்தனை மணிக்கு, வழியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அந்த இடத்தில் கேட்க வேண்டும். கேட்டால் கதை வெளியே வரும், வந்தால் வேறு பாதை, வேறு நேரம், கூட வர ஓர் ஆள், அதுவும் இல்லாவிட்டால் வீட்டுப் படி என்று சேர்ந்து தேடலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் தன் வழிகாட்டலைப் புதுப்பித்தபோது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்ற இலக்கை வைத்தது. ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் சேரும், மொட்டை மாடியில் நாலு சுற்றும் சேரும். வீதிக்கு வரத் துணிவு இன்னும் வராத ஒருவரிடம் கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.